ஸ்பைனல் ஃப்ளூயிட் எடுக்கும்போதே டோபமைன் அளவும் பாத்துட முடியாதா?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன். எங்க அப்பாவுக்கு 71 வயசு. ஒன்றரை வருஷமா நடை மாறிப்போச்சு. காலைத் தூக்கி வைக்காம தரையோட தேச்சுத் தேச்சு நடக்கறார், திரும்பணும்னா அஞ்சாறு சின்ன அடி வைக்கறார், வலது கை லேசா நடுங்குது, ஞாபகமும் முன்ன மாதிரி இல்ல, ராத்திரி பாத்ரூம் போற அவசரத்துல ரெண்டு தடவ விழுந்துட்டார். ஒரு டாக்டர் பார்க்கின்சன்ங்கறார். இன்னொருத்தர், ஸ்கேன்ல வென்ட்ரிக்கிள் (மூளைக்குள்ள தண்ணி இருக்கற அறை) பெருசா இருக்கு, மூளையில தண்ணி கோத்துக்கிட்டும் இருக்கலாம், அதனால இடுப்புல ஊசி போட்டு கொஞ்சம் ஃப்ளூயிட் எடுத்துட்டு நடை தேறுதான்னு பாக்கலாம்ங்கறார். அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காங்க.

என் கேள்வி என்னன்னா, எப்படியும் ஃப்ளூயிட் எடுக்கத்தான் போறாங்க. அது மூளையச் சுத்தி இருக்கற தண்ணி. பார்க்கின்சன்னா டோபமைன் குறையுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப அந்தத் தண்ணியிலயே டோபமைன் எவ்வளவு இருக்குன்னு அளந்துட்டா இந்தக் குழப்பம் ஒரே நாள்ல தீந்துடாதா? கேட்டேன், "அப்படியெல்லாம் பாக்கறதில்லம்மா"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாங்க. ஏன் பாக்கறதில்லன்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

லேப்காரன்:
தங்கச்சி, நான் பதினாலு வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன், ஸ்பைனல் ஃப்ளூயிட்ல நியூரோட்ரான்ஸ்மிட்டர் (டோபமைன் மாதிரி, நரம்பு செல்லுங்க சேதி அனுப்பற ரசாயனம்) அளக்கற மெஷின் முன்னாடிதான் என் பாதி நாள் போகுது. அதனால இந்தக் கேள்விய சும்மா விட மனசு வரல.

முதல்ல ஒரு விஷயம். அந்த ஃப்ளூயிட்ல டோபமைன் டோபமைனாவே இருக்கறது ரொம்ப ரொம்பக் கம்மி. நரம்பு செல் டோபமைன வெளிய விட்டதும் பெரும்பாலும் அதே செல் திரும்ப உறிஞ்சிக்கும், மிச்சத்த என்சைம் உடைச்சிடும். உடைஞ்சு கடைசியா வர்ற கழிவுக்குப் பேரு ஹோமோவனிலிக் ஆசிட், நாங்க எச்.வி.ஏ-ன்னு சொல்லுவோம். அது டோபமைன விட பல நூறு மடங்கு கூட இருக்கும், அதனால அதத்தான் அளப்போம். செரட்டோனினுக்கு அதே மாதிரி 5-எச்.ஐ.ஏ.ஏ, நோரட்ரினலினுக்கு எம்.எச்.பி.ஜி. ஆக நாம பாக்கறது சமையல இல்ல, சமையல் முடிஞ்சு வாய்க்கால்ல வர்ற கழுவுன தண்ணிய. வாய்க்கால்ல தண்ணி கம்மியா வந்தா உள்ள சமையலே நடக்கலன்னு அர்த்தமா, இல்ல வாய்க்கால் எங்கயோ அடைச்சிருக்கா, இல்ல நாம தப்பான இடத்துல நின்னு பாக்கறோமா, இந்த மூணையும் யோசிக்கணும்.

மூணாவது ரொம்ப முக்கியம். பெரியவங்களுக்கு இந்த ஃப்ளூயிட் மொத்தமே சுமார் 150 மில்லி, ஆனா ஒரு நாளைக்கு உற்பத்தியாகறது சுமார் 500 மில்லி, அதாவது தினம் மூணு நாலு தடவ முழுசா மாறிட்டே இருக்கு. எச்.வி.ஏ மூளையோட ஆழத்துல, வென்ட்ரிக்கிள் சுவர ஒட்டி இருக்கற பகுதியிலிருந்து வருது, அங்க செறிவு அதிகம். கீழ முதுகுத்தண்டு வழியா இறங்கி வர வர வழியிலயே ரத்தத்துக்குள்ள உறிஞ்சப்பட்டு குறைஞ்சிட்டே வரும். இடுப்புல ஊசி போட்டா முதல்ல சொட்டறது இடுப்புப் பக்கத்து ஃப்ளூயிட், இழுக்க இழுக்க மேல இருக்கறது கீழ வரும். அதனால ஒரே ஆளு, ஒரே ஊசி, முதல் ட்யூப்ல ஒரு அளவு, கடைசி ட்யூப்ல அதவிட நல்லாவே கூட. எந்த ட்யூப் எதுன்னு நம்பர் போடாம அனுப்பினா என்னால ஒண்ணுமே சொல்ல முடியாது. நம்பர் இல்லாம வந்த சாம்பிள்கள நான் எத்தனையோ தடவ திருப்பி அனுப்பியிருக்கேன், அத அனுப்பும்போது ஒரு மனுஷனுக்கு இன்னொரு தடவ ஊசி போடணுமேன்னு வயித்தப் பிசையும்.

துரை_எம்:
நல்ல விளக்கம் லேப்காரன் சார். ஒரு சந்தேகம். டோபமைன் கம்மின்னு முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சாங்க அப்ப? ஃப்ளூயிட்லயா?

நரம்பியல்_மாணவி:
இல்ல சார், இறந்தவங்க மூளையில. 1960-ல வியன்னாவுல ஓலே ஹோர்னிகிவிச்சும் ஹெர்பர்ட் எரிங்கரும் வெளியிட்டது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1957-ல, ஸ்வீடன்ல அர்விட் கார்ல்சன் முயலுங்களுக்கு ரிசர்பின்ங்கற, டோபமைன காலி பண்ற மருந்த குடுத்து அசையாம படுக்க வச்சு, அப்புறம் உள்ள போய் டோபமைனா மாறற எல்-டோபா போட்டு எழுப்பிக் காட்டினார். அந்த வழியில போய்த்தான் ஹோர்னிகிவிச் பார்க்கின்சன் நோயாளிங்க மூளையப் பாத்தார். அயோடின் போட்டு நிறம் பாக்கற முறை. நோய் இல்லாதவங்க சாம்பிள்ல நல்ல ரோஸ் நிறம் வந்துது, பார்க்கின்சன் மூளையில எடுத்த சாம்பிள்ல நிறமே சரியா வரல, மெஷின்ல போடறதுக்கு முன்னாடியே வெறும் கண்ணுல வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. எங்க புரொஃபசர் இதச் சொன்ன அன்னைக்கு க்ளாஸ்ல ஊசி விழுந்தா சத்தம் கேக்கற அளவுக்கு அமைதி. அடுத்த வருஷமே, 1961-ல, அதே வியன்னாவுல ஹோர்னிகிவிச் பிர்க்மேயர்ங்கற டாக்டரோட சேந்து எல்-டோபா ஊசி போட்டதும் படுத்த படுக்கையா இருந்தவங்க எழுந்து நடந்தாங்க.

அந்த வெற்றிக்கு அப்புறம்தான் எல்லாரும், சரி உயிரோட இருக்கறவங்க மூளைய வெட்டிப் பாக்க முடியாது, ஃப்ளூயிட்ல பாப்போம்னு இறங்கினாங்க. மழைத்துளி அக்கா கேட்ட கேள்வியேதான். அறுபதுகள் எழுபதுகள் பூரா அந்த வேலை நடந்துது. ப்ரோபெனிசிட்னு ஒரு மாத்திரை குடுத்தா எச்.வி.ஏ ஃப்ளூயிட்ட விட்டு வெளிய போற வழி அடைபடும், உள்ள எவ்வளவு வேகத்துல சேருதுன்னு பாத்து உற்பத்தியக் கணக்குப் போடலாம்னு அதையும் செஞ்சு பாத்தாங்க. சராசரியா பாத்தா பார்க்கின்சன் கூட்டத்துக்கு எச்.வி.ஏ கம்மிதான். ஆனா தனி ஆளாப் பாத்தா நோய் உள்ளவங்க அளவும் இல்லாதவங்க அளவும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. உங்க அப்பா நம்பர் அந்த நடுப்பகுதியில விழுந்துட்டா, அத வச்சு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

மழைத்துளி:
ரொம்ப நன்றி. ஆனா இன்னும் ஒண்ணு புரியல. மூளையில வெறும் கண்ணுக்கே தெரியற அளவுக்கு டோபமைன் காணாமப் போயிருக்குன்னா, ஃப்ளூயிட்ல மட்டும் ஏன் பட்டுனு தெரிய மாட்டேங்குது? நம்பர் ஏறி இறங்கறதெல்லாம் சரி, ஆனா அவ்வளவு பெரிய குறைவு மறைஞ்சிடுமா?

நரம்பியல்_மாணவி:
அக்கா, இதுக்கு பதில் அந்த செல்லுங்க பண்ற காரியத்துலதான் இருக்கு. நடுமூளையில சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு ஒரு பகுதி, அங்க டோபமைன் செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா சாகுது. ஆனா மிச்சம் இருக்கறதுங்க சும்மா இருக்கறதில்ல. பத்து பேர் செஞ்ச வேலைய நாலு பேர் செய்யற மாதிரி ஒவ்வொரு செல்லும் அதிகமா டோபமைன் தயாரிக்குது, அதிகமா வெளிய விடுது, திரும்ப உறிஞ்சறது குறையுது. வெளிய விட்டது அதிகமா இருந்தா உடையறதும் அதிகம், அதனால கழிவு எதிர்பாக்கற அளவுக்கு விழாது. இதனாலதான் நடுக்கம் கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள அந்த செல்லுங்கள்ல பாதிக்கு மேலயே போயிருக்கும்னு சொல்றாங்க. உடம்பு அவ்வளவு நாள் தாங்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்கு. எனக்கு இதப் படிச்சப்ப அழுகை வந்துது, எங்க தாத்தாவ நினைச்சு.

சந்தேகி:
மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாறுபடறேன். இவ்வளவு ஓட்டை இருக்கற டெஸ்ட்ட எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு அழணும்? டாடாடாப்னு ஒரு பெரிய ஆய்வு, ஆரம்பநிலை பார்க்கின்சன் உள்ள 800 பேர், அதுல ஃப்ளூயிட்டும் எடுத்தாங்க, எச்.வி.ஏ வச்சு யாருக்கு நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு சொல்ல முடியல. இப்ப 2023-ல ஆல்ஃபா சைனியூக்ளின்ங்கற புரதத்துக்கு சீட் டெஸ்ட் வந்துடுச்சு, 1,123 பேர வச்சு செஞ்ச ஆய்வுல பார்க்கின்சன் உள்ளவங்கள்ல 87.7 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ். அதே ஃப்ளூயிட்தான், புரதத்த பாக்கறாங்க, நியூரோட்ரான்ஸ்மிட்டர இல்ல. என் கருத்துல நியூரோட்ரான்ஸ்மிட்டர் அளக்கற காலம் முடிஞ்சுது.

லேப்காரன்:
தம்பி, நீங்க சொன்ன நம்பர் எல்லாம் சரி. சீட் டெஸ்ட் பெரிய முன்னேற்றம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. தப்பா மடிஞ்ச புரதம் ஒரு துளி இருந்தாலும் அது நல்ல புரதத்தையும் தன்ன மாதிரியே மடிக்க வைக்கும், அந்தப் பெருக்கத்தப் பாக்கறாங்க. ஆனா அந்த டெஸ்ட் இருக்கு இல்லன்னு சொல்லும், எவ்வளவு செல் மிச்சம் இருக்கு, அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லாது. அதுக்கு இன்னும் இந்த ரசாயனம் வேணும்.

இன்னொண்ணு, எச்.வி.ஏ-வோட கதை முடியல. டோபாக்னு இன்னொரு கழிவு இருக்கு. எச்.வி.ஏ ஆகறதுக்கு ஒண்ணுக்கு மேல என்சைம் வேணும், அதுல ஒண்ணு டோபமைன் செல்லுக்கு வெளிய இருக்கு. டோபாக் அப்படி இல்ல, அது டோபமைன் செல்லுக்கு உள்ளயே உருவாகறது, அதனால அந்த செல்லோட நிலைமைய அது இன்னும் கிட்ட நின்னு சொல்லுது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல டேவிட் கோல்ட்ஸ்டைன் குழு பல வருஷமா இதத்தான் பாக்கறாங்க. பார்க்கின்சன் அறிகுறி இன்னும் வராத, ஆனா வர்ற வாய்ப்பு அதிகமா இருக்கறவங்ககிட்ட டோபாக் முன்னாடியே கம்மியா இருந்துதுன்னு காட்டினாங்க. என்ன, பார்க்கின்சன் மாதிரியே தெரியற மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபிங்கற நோய்லயும் அது குறையும், ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது. அதோட டோபாக் அளவு ரொம்பச் சின்னது, அளக்கறதுக்கு கை சுத்தமும் மெஷின் சுத்தமும் வேணும், எல்லா லேப்லயும் ஆகற காரியம் இல்ல.

கண்மணி_அம்மா:
சந்தேகி தம்பி, காலம் முடிஞ்சுதுன்னு நீங்க எழுதினத படிச்சிட்டு என்னால பேசாம இருக்க முடியல. என் பொண்ணு உயிரோட சிரிச்சிட்டு இருக்கறதே அந்த டெஸ்ட்னாலதான்.

அவளுக்கு நாலு மாசம் இருக்கும்போது உடம்பு துணி மாதிரி தொளதொளன்னு இருக்கும், தலை நிக்கல. திடீர்னு கண்ணு ரெண்டும் மேல சொருகிக்கும், மணிக்கணக்கா அப்படியே நிக்கும், கத்துவா. வலிப்புன்னு சொல்லி மருந்து மேல மருந்து. ஈ.ஈ.ஜி எடுத்தா அதுல வலிப்பே இல்ல. ஒரு வருஷம் இப்படியே போச்சு. அப்புறம் ஒரு டாக்டரம்மா, இது வலிப்பு இல்ல, கண்ணு சொருகறது டோபமைன் இல்லாததோட அறிகுறியா இருக்கலாம், ஃப்ளூயிட் எடுத்து நியூரோட்ரான்ஸ்மிட்டர் பாக்கணும்னாங்க. முதல் தடவ எடுத்த சாம்பிள் வீணாப்போச்சு. எடுத்த உடனே ட்ரை ஐஸ்ல வைக்கணும்னு எழுதியே குடுத்திருந்தாங்க, ஆனா அந்த ஆஸ்பத்திரியில மேசை மேல ரெண்டு மணி நேரம் வச்சுட்டாங்க. ஒரு வயசுக் குழந்தைய வளைச்சுப் பிடிச்சு மறுபடியும் ஊசி. நான்தான் அவ தோளப் பிடிச்சிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவ ட்யூப் நிரம்ப நிரம்ப நர்ஸ் பக்கத்துலயே ஐஸ் பெட்டிய திறந்து வச்சிட்டு ஒவ்வொண்ணா உள்ள போட்டாங்க, ஒரு ட்யூப் மட்டும் வெளிச்சம் படக்கூடாதுன்னு ஃபாயில் சுத்தி இருந்துது.

ரிப்போர்ட் வந்துது. எச்.வி.ஏ ரொம்பக் கம்மி, 5-எச்.ஐ.ஏ.ஏ ரொம்பக் கம்மி, 3-ஓ-மெத்தில்டோபான்னு ஒண்ணு மட்டும் எக்கச்சக்கமா ஏறி இருந்துது. டோபாவ டோபமைனா மாத்தற ஏ.ஏ.டி.சி-ங்கற என்சைமே அவளுக்கு வேலை செய்யல. ஜீன் டெஸ்ட்ல உறுதியாச்சு. இது மூளை தேயற நோய் இல்ல, பிறவிக் குறைபாடு, அது எனக்குத் தெரியும். ஆனா ஃப்ளூயிட்ல அளக்கறது வீண்னு சொல்லும்போது இப்படிப்பட்ட குழந்தைங்களும் இருக்காங்கன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. இப்ப இதுக்கு ஜீன் தெரபி இருக்கு, ஆபரேஷன் பண்ணி மூளையில புட்டாமென்ங்கற இடத்துல நேரா செலுத்தறது, ஐரோப்பாவுல 2022-லயும் அமெரிக்காவுல 2024 நவம்பர்லயும் அனுமதி குடுத்தாங்க.

சந்தேகி:
அம்மா, நான் எழுதினது தப்பு. பெரியவங்களுக்கு வர்ற நோய மட்டும் மனசுல வச்சு எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க. பாப்பா நல்லா இருக்கணும்.

நரம்பியல்_மாணவி:
அம்மா, உங்க பொண்ண நினைச்சா சந்தோஷமா இருக்கு. நீங்க சொன்னதுலயே இந்த இழையோட மையம் இருக்கு. அந்தக் குழந்தைங்களுக்கு என்சைமே கிட்டத்தட்ட இல்ல, ஈடுகட்ட வேற வழியும் இல்ல, அதனால நம்பர் ஒரேயடியா விழுந்து கிடக்கும், குழப்பமே வராது. பகல்லயே அடக்க முடியாம தூக்கம் வர்ற நார்கோலெப்ஸி நோயும் அப்படித்தான். மூளையில ஹைப்போதலமஸ்ங்கற இடத்துல, நம்மள முழிப்பா வைக்கற ஒரெக்சின்ங்கற பொருள தயாரிக்கற செல்லுங்க கிட்டத்தட்ட முழுசா போயிடும், ஃப்ளூயிட்ல ஒரெக்சின் ஒரு மில்லிக்கு 110 பிக்கோகிராம் அல்லது அதுக்குக் கீழ வந்தா முதல் வகை நார்கோலெப்ஸின்னு உறுதி பண்றாங்க. 2000-ல நிஷினோ குழு கண்டது. அங்க கழிவ அளக்கல, அந்தப் பொருளையே அளக்கறோம், அதுவும் பெரிய லாபம். பார்க்கின்சன்ல அப்படி எல்லாம் ஒரேயடியா காலி ஆகறதில்ல, மெதுவா போகுது, அதனாலதான் அளவு நடுவுல ஊசலாடுது.

வேலு_2:
நானும் ஒண்ணு கேக்கலாமா. என் வீட்டுக்காரிக்கு ஏ.எல்.எஸ், தசைய இயக்கற நரம்பு செல்லுங்க செத்துப்போற நோய். ரிலுசோல் மாத்திரை சாப்பிடறா. குளுட்டமேட் அதிகமாகி நரம்ப அழிக்குது, அதக் கட்டுப்படுத்தத்தான் மாத்திரைன்னு சொன்னாங்க. அப்ப ஃப்ளூயிட்ல குளுட்டமேட் பாத்தா மாத்திரை வேலை செய்யுதான்னு தெரியுமா?

லேப்காரன்:
வேலு அண்ணே, முதல்ல அண்ணிக்கு மனசு தைரியமா இருக்கச் சொல்லுங்க.

குளுட்டமேட் நான் அளக்கறதுலயே ரொம்ப பயப்படற பொருள். ஏன்னா ஃப்ளூயிட்ல அதுக்குப் பக்கத்துலயே குளுட்டமின்னு ஒண்ணு நூறு மடங்குக்கு மேல இருக்கு. அந்தக் குளுட்டமின்ல நூத்துல ஒரு பங்கு உடைஞ்சாலே போதும், குளுட்டமேட் ரெண்டு மடங்கான மாதிரி காட்டிடும். சாம்பிள் சூட்டுல இருந்தா உடையும், ஆசிட் போட்டுப் பதப்படுத்தினா உடையும். 1990-ல ஏ.எல்.எஸ் நோயாளிங்க ஃப்ளூயிட்ல குளுட்டமேட் அதிகம்னு ராத்ஸ்டைன் குழு எழுதினாங்க, ரிலுசோல்மேல நம்பிக்கை வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம், மருந்துக்கு 1995-ல அனுமதி கிடைச்சுது. ஆனா அப்புறம் வேற குழுக்கள் பாத்தப்ப சிலருக்கு ஏறியிருக்கு, பலருக்கு ஏறவே இல்ல. இதுல எவ்வளவு நோய், எவ்வளவு சாம்பிள் வச்ச விதம்னு பிரிக்கறது கஷ்டம். அதனால மாத்திரை வேலை செய்யுதான்னு பாக்க இந்த டெஸ்ட் எடுக்கறதில்ல, அண்ணிக்கு அதுக்காக ஊசி போட வேண்டாம். மாத்திரைக்கு கல்லீரல் டெஸ்ட் மட்டும் தவறாம பாத்துக்கோங்க.

நரம்புகள அடக்கி வைக்கற காபாங்கற நியூரோட்ரான்ஸ்மிட்டரும் இதே கதைதான். பரம்பரையா வர்ற ஹண்டிங்டன் நோய்ல மூளையில காபா குறையுதுன்னு 1973-ல பெரி குழு காட்டினாங்க. உடனே ஃப்ளூயிட்ல பாப்போம்னு நிறைய பேர் பாத்தாங்க, ஆனா எடுத்த ஃப்ளூயிட் ரூம் சூட்டுல இருந்தா அதுல காபா தானா ஏறிட்டே போகும், உள்ள இருக்கற ஹோமோகார்னோசின் மாதிரி பொருளுங்க உடைஞ்சு காபாவ விடும். பழைய பேப்பருங்கள்ல ஒருத்தர் ஒரு நம்பர், இன்னொருத்தர் அதுக்கு பத்து மடங்குன்னு இருக்கறதப் பாத்தா எனக்கு ஆச்சரியமே வராது.

வேலு_2:
புரிஞ்சுது தம்பி. ஊசி வேண்டாம்னதே பெரிய நிம்மதி.

ரேவதி_கே:
அம்மாவுக்கு அல்சைமர், டொனெபெசில் போகுது. அசிட்டைல்கோலின் குறைஞ்சதுக்குத்தான் அந்த மாத்திரைன்னு தெரியும். அங்கயும் அளக்க முடியாதா?

நரம்பியல்_மாணவி:
அங்க இன்னும் கஷ்டம் அக்கா. அசிட்டைல்கோலின உடைக்கற என்சைம் உடம்புலயே படுவேகமான என்சைம்கள்ல ஒண்ணு, வெளிய வந்த அசிட்டைல்கோலின் மில்லி செகண்ட் கணக்குல போயிடும். அந்த என்சைம் ஃப்ளூயிட்லயும் இருக்கு, சொட்டு விழுந்த ட்யூப்லயும் அது வேலைய விடாது. 1976-ல டேவிஸும் மலோனியும் இறந்தவங்க மூளையில அசிட்டைல்கோலின் தயாரிக்கற என்சைம் ரொம்பக் குறைஞ்சு இருக்கறதக் காட்டினதுதான் டொனெபெசில் வரைக்கும் கொண்டு வந்துது. அதனால அல்சைமருக்கு ஃப்ளூயிட்ல இப்ப பாக்கறது அமிலாய்டு பீட்டா 42-ம் டாவ் புரதமும். அமிலாய்டு 42 ஃப்ளூயிட்ல குறையும், ஏன்னா அது மூளையிலயே படிஞ்சிடுது, டாவ் ஏறும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச ஒண்ணு. நோரட்ரினலின் செய்யற லோகஸ் செருலியஸ்னு ஒரு சின்ன நீலப்புள்ளி மூளைத்தண்டுல இருக்கு, அல்சைமர்ல அது நிறைய செல்ல இழக்குது. அப்ப ஃப்ளூயிட்ல நோரட்ரினலின் குறையணும் இல்லையா? குறையல. முத்தின நோயாளிங்ககிட்ட ஏறியே இருந்துதுன்னு பாத்திருக்காங்க. மிச்சம் இருக்கற செல்லுங்க அவ்வளவு கடுமையா உழைக்குதுங்க. நம்பர மட்டும் பாத்தா அங்க ஒரு நோயும் இல்லன்னு எழுதிடுவோம்.

துரை_எம்:
அப்ப ரத்தத்துல, யூரின்ல டோபமைன், செரட்டோனின் எல்லாம் பாத்து மூளை பேலன்ஸ் சொல்றோம்னு நெட்ல விக்கறாங்களே, அது?

லேப்காரன்:
அதுக்குக் காசு குடுக்காதீங்க சார். ரத்தத்துல இருக்கற டோபமைனும் செரட்டோனினும் மூளைக்குள்ள போகாது, மூளையில இருக்கறது வெளிய வந்து அந்த நம்பர மாத்தறதும் இல்ல. உடம்போட செரட்டோனின்ல 90 சதவீதத்துக்கு மேல குடல்ல இருக்கு. மூளைய ஒட்டி ஓடற ஃப்ளூயிட்டே இவ்வளவு தடுமாற வைக்குது, இதுல யூரின் என்ன சொல்லும்.

டாக்டர்_நந்தா:
நான் நியூரோ பாக்கறவன். இங்க நல்ல பேச்சு நடக்குது. மழைத்துளிம்மாவுக்கு நடைமுறையா சில விஷயம்.

அப்பா ஏற்கனவே லெவோடோபா (மேல சொன்ன எல்-டோபாதான்) மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சிருந்தா எச்.வி.ஏ எப்படியும் ஏறித்தான் இருக்கும், மாத்திரையத்தான் அளந்த மாதிரி ஆகும். அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க. லெவோடோபாவ திடீர்னு நிறுத்தினா காய்ச்சல், உடம்பு விறைப்புன்னு உயிருக்கே ஆபத்தா முடியலாம். அதே மாதிரி அவர் சாப்பிடற எல்லா மாத்திரையோட பட்டியலும் கொண்டு போங்க. வாந்திக்குக் குடுக்கற மெட்டோக்ளோப்ரமைட், மனநல மருந்துங்க சிலது, இதெல்லாம் டோபமைன தடுத்து பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் நடை மாற்றமும் குடுக்கும். மருந்த மாத்தினா சரியாகற ஆட்கள நான் வருஷா வருஷம் பாக்கறேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா கண்டிப்பா முன்கூட்டியே சொல்லிடுங்க.

அவங்க செய்யப் போறது டேப் டெஸ்ட். 30-லிருந்து 50 மில்லி வரைக்கும் எடுப்பாங்க. பயப்பட வேண்டாம், உடம்பு மணிக்கு 20 மில்லி மாதிரி திரும்பச் செஞ்சிடும். ஊசி போடற இடத்துல தண்டுவடமே கிடையாது, அது அதுக்கு மேலயே முடிஞ்சிடுது, கீழ நரம்பு வேருங்க மட்டும் ஃப்ளூயிட்ல மிதக்கும். எடுக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்க விட்டு நேரமும் அடியும் எண்ணுவாங்க, அத நீங்களும் போன்ல வீடியோ எடுங்க. மழுங்கின முனை உள்ள ஊசி இருக்கான்னு கேளுங்க, அதுல தலைவலி நல்லாவே குறையும். அப்புறம் தலைவலி வந்தா, எழுந்தா அதிகமாகி படுத்தா குறையற மாதிரி இருந்தா, உடனே சொல்லுங்க.

மழைத்துளி:
டாக்டர், ரொம்ப ரொம்ப நன்றி. பட்டியல் போட ஆரம்பிச்சேன், ஒரு வருஷமா தலைசுத்தலுக்கு ஒரு மாத்திரை போகுது, அது எனக்கே இவ்வளவு நாள் தோணல. போட்டோ எடுத்து வச்சிருக்கேன், முதல் வேலையா காட்டறேன்.

மழைத்துளி:
நேத்து முடிஞ்சுது. எல்லாரும் கேப்பீங்கன்னு எழுதறேன்.

தலைசுத்தல் மாத்திரைய டாக்டர் பாத்ததுமே முகம் மாறிச்சு, அது நடுக்கம் குடுக்கற வகைதானாம், கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தச் சொல்லிட்டார். மூணு மாசம் கழிச்சு தேறலன்னா லெவோடோபா குடுத்துப் பாக்கலாம்னார். அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முழங்கால மார்போட சேத்து வளைச்சாங்க. நான் கால் பக்கம் நின்னேன். நான் மஞ்சளா, கலங்கலா ஏதோ வரும்னு நினைச்சிருந்தேன். சொட்டுச் சொட்டா குழாய்த் தண்ணி மாதிரி அவ்வளவு தெளிவா வந்துது. அப்பா கழுத்தத் திருப்பாமலே "என்ன கலர்ல இருக்கு"ன்னு கேட்டார், "தண்ணி மாதிரிப்பா"ன்னேன், "இதுலயா என் நடை இருக்கு"ன்னார். எனக்கு பதில் சொல்ல வரல.

36 மில்லி எடுத்தாங்க. முன்னாடி 10 மீட்டர் நடக்க 24 செகண்ட், 31 அடி. மூணு மணி நேரம் கழிச்சு 23 செகண்ட், 30 அடி. மாத்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க, மறுநாள் காலையில இன்னொரு தடவ நடக்க விட்டுப் பாத்தாங்க, அதேதான். தலைவலி வரல.

மிச்ச ஃப்ளூயிட்ல அமிலாய்டும் டாவும் பாக்க அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் ஆராய்ச்சிக்கு ஃப்ரீஸர்ல வைக்கறோம், சம்மதமான்னு கேட்டாங்க, அப்பாவே கையெழுத்துப் போட்டார். லேப்காரன் அண்ணா, நீங்க சொன்னது ஞாபகம் வந்து ட்யூப்ப எல்லாம் பாத்தேன். ஆறு ட்யூப்ல நாலுக்கு நம்பர் இருந்துது, ரெண்டுக்கு பேரும் தேதியும் மட்டும்தான். அப்ப கேக்கத் தயக்கமா இருந்துது. இப்ப போன் பண்ணிச் சொல்லலாமா, இல்ல இதெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?

லேப்காரன்:
இப்பவே போன் பண்ணுங்க தங்கச்சி. அமிலாய்டு, டாவ் பாக்கறதுக்கு அதனால பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா ஆராய்ச்சிக்கு வச்சது ரெண்டு வருஷம் கழிச்சு என்ன மாதிரி ஒருத்தன் கைக்கு எச்.வி.ஏ பாக்க வரும், எது முதல் சொட்டு எது கடைசி சொட்டுன்னு அன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது. ஊசி போட்ட டாக்டருக்கும் கூட நின்ன நர்ஸுக்கும் இன்னைக்கு வரிசை ஞாபகம் இருக்கும். எத்தனாவது ட்யூப், எத்தனை மணிக்கு ஃப்ரீஸருக்குள்ள போச்சுன்னு ரெண்டையும் எழுதச் சொல்லுங்க.

மழைத்துளி:
பேசிட்டேன் அண்ணா. நர்ஸ் அக்காவே எடுத்தாங்க. மூணாவதும் ஆறாவதும்தான் நம்பர் இல்லாதது, இப்ப எழுதிட்டாங்க. பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள ஃப்ரீஸருக்குப் போயிருக்கு.